பதினோராவது டிக்

அக்டோபர் 6, திங்கள்

முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் வளைவில் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருந்தன. பென்சிலை அழித்த பிறகு நோட்டிலிருந்து ஊதித் தள்ளுவோமே, அப்படித் திரிதிரியாக. தண்ணீர் அடித்தும் போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். நகத்துக்குள் ஏறிக்கொண்டது. மதியம் சோற்றிலும் அந்த வாசனைதான்.

நீல நிற எலக்ட்ரிக் கார். ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லை. பின் டயர் இரண்டும் புதுசு மாதிரி இருந்தன. முன் டயர் இரண்டும் வழுக்கை. கார்க்காரருக்கு ஐம்பது வயது இருக்கும், நரைத்த மீசை. "என்னங்க டயர் போட்டுத் தர்றீங்க? ஒரு வருசம் தாங்கறதில்ல" என்று கவுண்டரில் சத்தம் போட்டார். பிறகு வண்டியை எடுத்து, ஷோரூம் வாசலிலேயே ஆக்சிலேட்டரில் ஒரே மிதி. சக்கரம் நின்ற இடத்தில் சுற்றிக் கீச்சென்று கத்தியது. வாட்டர் வாஷ் கொட்டகைவரை புகை வந்தது. அப்புறம்தான் கார் பாய்ந்தது.

பெட்ரோல் வண்டிக்கு மூச்சு வாங்க நேரம் வேண்டுமாம். இதற்கு வேண்டாம். மிதித்த கணமே முழு பலமும் சக்கரத்துக்கு வந்துவிடும். தரை தாங்காமல் சக்கரம் வழுக்கினால் காரே மோட்டாரை அடக்கிவிடும். அதற்கு ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் என்று பெயர். வேண்டாம் என்றால் திரையில் அமுக்கி அணைத்து வைக்கலாம். நரைத்த மீசை அணைத்துத்தான் வைத்திருக்கிறார். இதெல்லாம் டெக்னீசியன் பிரியம்வதா அக்கா யாருக்கோ சொன்னபோது காதில் விழுந்தது. நானாக யாரிடமும் எதையும் கேட்பதில்லை.

இந்த டைரி ஒரு டயர் கம்பெனி ஷோரூமுக்குக் கொடுத்தது. ஸ்டோரில் எண்ணெய்க் கறையோடு கிடந்தது. முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: மேகலா. வேலை: வாட்டர் வாஷ். ஊர்: நீலாம்பூர், கோயமுத்தூர். படிப்பு என்று ஒரு வரி இல்லை, நல்லது. இருந்திருந்தால் பதினொன்றில் பாதி என்று எழுத வேண்டியிருக்கும்.

அக்டோபர் 7, செவ்வாய்

சக்கரம் கழுவுவதற்குக் கம்பெனி புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறது. கழற்றி, தனியே தேய்த்து, திரும்ப மாட்ட வேண்டும். ஒரு காருக்கு முக்கால் மணி நேரம் ஆகும்.

எங்கள் முறை வேறு. காரை லிஃப்டில் இடுப்பளவு தூக்குவோம். ஓர் ஆள் சீட்டில் ஏறி மிதித்தால் முன்சக்கரம் காற்றில் சுற்றும். என்கூடக் கழுவும் வடிவு அக்கா பிரஷ்ஷை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும், டயர் தானே தன்னைத் தேய்த்துக்கொள்ளும். ஐந்து நிமிடம்.

ஆனால் ட்ராக்‌ஷன் விடாது. சக்கரம் சுற்றுகிறது, கார் நகரவில்லை, சரி, வழுக்குகிறது என்று அது எண்ணிக்கொள்ளும். கால் சுற்று சுற்றி நின்றுவிடும். அதனால் முதலில் அதை அணைக்க வேண்டும். திரையில் ஒரு பொத்தான், மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டும். மஞ்சளாக ஒரு விளக்கு வரும்: சின்னக் கார், அதற்குக் கீழே பாம்பு நெளிந்த மாதிரி இரண்டு கோடு. அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் சுற்றும்.

முடிந்ததும் இறங்கிக் காரைப் பூட்டி, பக்கக் கண்ணாடிகள் மடங்கும்வரை நிற்க வேண்டும். மறுபடி திறந்தால் ட்ராக்‌ஷன் தானாக வந்திருக்கும். பூட்டாதவரை அணைத்தது அணைத்தபடியே இருக்கும். பூட்டித் திறக்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் இங்கே யாரிடமும் இல்லை. எனவே அதே பொத்தானை இன்னொரு முறை அமுக்கிவிட்டு இறங்குவேன். மஞ்சள் போய்விடும்.

சீட்டில் ஏறுவது எப்போதும் நான்தான். எடை குறைவு, லிஃப்டுக்கு நல்லது என்பார் சூப்பர்வைசர் கதிரேசன். இன்று புதிதாக வந்தவரிடம் இன்னொரு காரணமும் சொன்னார். "வாயில்லாத புள்ளைங்க. வெளிய போயி எதும் பேசாது."

வடிவு அக்கா சிரித்தார். நானும் சிரித்தமாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போது எச்சில் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

அக்டோபர் 8, புதன்

டயர் பாலிஷ். வெள்ளைக் கேனில் வரும். முகத்துக்குப் போடும் மலிவு கிரீமில் மண்ணெண்ணெய் கலந்தால் எப்படி நாறும், அப்படி. கையில் பட்டால் சோப்புக்குப் போகாது. டயரின் பக்கவாட்டில் மட்டும்தான் பூச வேண்டும் என்று கேனிலேயே படம் போட்டிருக்கிறது. தரையில் படும் பக்கத்திலும் பூசச் சொல்கிறார் கதிரேசன். வண்டி போட்டோவில் புதுசு மாதிரி தெரியுமாம்.

ஆறுச்சாமி அண்ணன் மதியம் வந்தார். அவர் டிரைவர். கஸ்டமர் வீட்டிலிருந்து கார்களை எடுத்து வருவதும், சர்வீஸ் முடிந்ததும் கொண்டுபோய் விடுவதும் அவர் வேலை. சூலூர்க்காரர், நாற்பது வயதுக்குள் இருக்கும். டயரைத் தொட்டுப் பார்த்து, விரலை மூக்கருகே கொண்டுபோய்ச் சுளித்தார்.

"ஏனுங் அம்மிணி, டயருக்கு எண்ணெ தேச்சுத் தலைக்கு ஊத்தியுட்டீங்களா? தீவாளிக்கு இன்னும் பன்னெண்டு நாள் கெடக்குது."

வடிவு அக்கா, "உங்க தலைக்கும் கொஞ்சம் வெக்கட்டுங்களா? காஞ்சு போயிக் கெடக்குது" என்றார்.

"வெய்யுங்க. அப்பவாச்சும் என்ற பொண்டாட்டி ஏறெடுத்துப் பாக்கறாளான்னு பாப்போம்."

அவர் என்னிடம் பதிலை எதிர்பார்த்து நிற்பதில்லை. அதனால் அவர் வந்தால் நான் லிஃப்டுக்குப் பின்னால் போய் நிற்பதில்லை.

காலை வேலையை எழுத மறந்துவிட்டேன். ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் உண்டு. பதினொரு கட்டம். கண்ணாடி துடைத்தாயிற்று, மிதியடி காய்ந்தது, காற்று சரி, இப்படி. பதினோராவது கட்டம்: ட்ராக்‌ஷன் ஆன். கார் வந்து, வேலை முடிந்து, பார்த்த பிறகு டிக் போட வேண்டும். கதிரேசன் காலை ஒன்பது மணிக்கே அன்றைய தாள்கள் எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிடுவார். "பூராத்துக்கும் போட்டு வெச்சிரு. சாயங்காலம் மறந்துரும்." இன்று பதினான்கு தாள். நூற்று ஐம்பத்து நான்கு டிக். கார்கள் அப்போது இன்னும் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தன.

அக்டோபர் 9, வியாழன்

மழை. பதினாறு கார். விரல் எல்லாம் ஊறி வெளுத்து, செத்த மீன் வயிறு மாதிரி.

அக்டோபர் 10, வெள்ளி

காலையிலிருந்து நசநசவென்று தூறல். தீபாவளிக்கு முன் எல்லோருக்கும் கார் பளபளக்க வேண்டும். மழையில் ஓட்டிப் போய்ச் சேற்றைப் பூசிக்கொள்ளப் போகிறார்கள், அது வேறு.

மூன்றரைக்குப் பிறகு ஒரு சாம்பல் நிறக் கார் லிஃப்டில் ஏறியது. சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மெண்ட்காரருடையது. நான் சீட்டில். வடிவு அக்கா பிரஷ் பிடித்திருந்தார். கதிரேசன் போனை எடுத்துச் சுற்றுகிற சக்கரத்தைப் படம் பிடித்தார். "இன்னும் மிதி. இன்னும். ம்ம், அப்படித்தான்." தண்ணீர் விசிறியாகத் தெறித்தது. ஸ்டேட்டஸில் போடுவதற்காம்.

அப்புறம் போனைக் கண்ணாடி வழியே உள்ளே நீட்டினார். என் முகத்துக்கு ஒரு சாண்.

"சிரி புள்ள. சிரிச்சா முத்தா உதுந்துரும்?"

குனிந்துகொண்டேன். கை இன்னும் உள்ளே வந்தது. மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். விரலில் பாலிஷ் நாற்றம்.

கதவைத் தள்ளிக் குதித்தேன். பாத்ரூமுக்குப் போய் மோவாயை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். நான்காவது தடவை கழுவும்போது எரிந்தது. வெளியே வந்தபோது மூன்றே முக்கால் டீ வந்திருந்தது. சாம்பல் காரை இறக்கி, பூட்டாமலே மழையில் நிறுத்தியிருந்தார்கள். என் டம்ளரில் யாருடைய கறுப்புக் கட்டைவிரலோ பதிந்திருந்தது. குடிக்கவில்லை.

ஆறுச்சாமி அண்ணன் இன்னொரு காரை விட்டுவிட்டு ஐந்து மணிக்குத்தான் வந்தார். சாம்பல் காரை எடுத்துக்கொண்டு போனார். ஆறு மணிக்குப் போன் வந்தது.

அந்த அபார்ட்மெண்டில் கீழே இறங்கிப் பிறகு மேலேறும் ஒரு சரிவுப் பாதை இருக்கிறதாம். வழவழப்பான கல் பதித்தது, மழையில் நனைந்திருந்தது. ஏறும்போது முன்சக்கரம் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. பிறகு காய்ந்த சிமெண்டைத் தொட்டதும் கவ்விப் பிடித்து ஒரே பாய்ச்சல். வாட்ச்மேன் அறைச் சுவரில் போய் மோதியிருக்கிறது. உள்ளே வாட்ச்மேன் இருந்தார். ஒரு கால் காருக்கும் சுவருக்கும் நடுவில்.

வேறு என்ன எழுத. கை நாறுகிறது.

அக்டோபர் 11, சனி

"ரேஸ் உட்டிருப்பான்" என்கிறார் கதிரேசன். காலையிலிருந்து ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்கிறார். "அடுத்தவன் வண்டின்னா காலு கனமாயிருது. மோட்டார்ல அத்தன டார்க்கு, அத்தன இழுப்பு, பின்ன பாயாம?"

பத்து மணிக்கு ஆறுச்சாமி அண்ணன் வந்தார். சட்டையில் பழுப்புக் கறை. அது அவர் ரத்தம் இல்லை. அந்தச் சட்டையை மாற்ற அவருக்குத் தோன்றவில்லை. மேனேஜர் ஹரிப்ரசாத் சார் அவரை உள்ளே கூப்பிடவில்லை. கார்கள் நிற்கும் இடத்திலேயே நிறுத்திக் கேட்டார்.

"முட்டை மேல காலு வெக்கறாப்பலத்தானுங்க சார் வெச்சேன்."

"அப்புறம் எப்படிய்யா பாயும்?"

"அதானுங்க எனக்குந் தெரியல. மஞ்சளா ஒண்ணு எரிஞ்சிட்டு இருந்துச்சு. அது பல வண்டில எரியறதுதானுங்களே. இங்கிருந்து எடுக்கறப்பவே எரிஞ்சுதுங்க."

"சும்மா எதையாவது சொல்லாதீங்க."

அவர் எங்கள் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். சும்மா பார்த்தார். நான் ஈரத்துணியைப் பிழிந்தேன். அதில் பிழிய எதுவும் இல்லை.

கதிரேசனுடைய ஸ்டேட்டஸில் அந்தச் சக்கர வீடியோ இல்லை. ஒரு நாள் முழுக்க இருக்க வேண்டியது. நேற்று ஏழு மணிக்கே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

லீவு. மில்லில் பகல் ஷிப்ட் இல்லாததால் அம்மா கறி எடுத்துச் சமைத்தது. என் தட்டில் இருந்த எலும்பைப் பார்த்ததும் வாய்க்குள் தண்ணீர் ஊறி வந்தது. பசித்து ஊறும் தண்ணீர் இல்லை.

"என்னாடி, உடம்புக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன். என் தலையாட்டல்களை அம்மா ஒழுங்காகப் படிப்பதே இல்லை. கறியை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டது.

அக்டோபர் 13, திங்கள்

எல்லோரையும் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். ஏசி. ஈர யூனிபார்மோடு நாற்காலியில் உட்காரக்கூடாது என்று நிற்க வைத்தார்கள்.

ஹரிப்ரசாத் சார் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். காரின் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது. மோதியபோது ட்ராக்‌ஷன் அணைந்திருந்தது என்று அதில் ஒரே ஒரு வரி. இன்னொரு கையில் எங்கள் தாள். பதினோராவது கட்டத்தில் டிக்.

"ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. நம்ம கைல இருந்து போகும்போது ஆன். மோதும்போது ஆஃப். நடுவுல வண்டில இருந்தது ஒரே ஆள். ஆறுச்சாமி ஆஃப் பண்ணி விளையாடிருக்காரு. சிம்பிள். இந்த டிக் யார் போட்டது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் இப்படித்தான். எழுந்து ஒரு பாராவைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன். நாற்பது பேர் பார்த்தார்கள். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்புறம் போகவேண்டிய நாளே வரவில்லை.

கையைத் தூக்கினேன்.

"குட். இப்படித்தான் இருக்கணும். பாருங்க, படிக்காத பொண்ணு, எவ்வளவு பொறுப்பா தாள் மெயின்டெயின் பண்ணுது."

எல்லோரும் கை தட்டினார்கள். கதிரேசன் எல்லோரையும்விடச் சத்தமாகத் தட்டினார். ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்கள். கொண்டு வரும் வழியில் ஒரு லட்டை வாயில் போட்டுப் பார்த்தேன். பாலிஷ் ருசிதான். மிச்சத்தைப் பஸ் ஸ்டாப் நாய் மோந்து பார்த்துவிட்டுத் தின்றது. நாய் நல்ல ஜாதி, எதையும் தின்னும்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெள்ளிக்கிழமை நடந்ததில் ஒன்றை எழுதாமல் விட்டேன். யாரும் படிக்காத டைரியில்கூட விட்டேன்.

பொத்தானை நான் திரும்ப அமுக்கவில்லை.

குதித்தபோது மஞ்சள் எரிந்துகொண்டிருந்தது. குதிக்கும்போது பார்த்தேன். கதவை மூடும்போதும் கண்ணாடி வழியே தெரிந்தது. சக்கரம் இன்னும் சுற்றி அடங்கிக்கொண்டிருந்தது. போய் அமுக்கலாம் என்று பாத்ரூமில் நினைத்தேன். வெளியே வந்தால் கதிரேசன் அந்தக் காருக்குப் போகும் வழியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிப் போக வேண்டும். போகவில்லை. அப்புறம் அடுத்த கார். அப்புறம் அதற்கடுத்த கார். ஐந்து மணிக்கு ஆறுச்சாமி அண்ணன் சாவியை எடுத்தபோது நான் பத்தடி தூரத்தில் இருந்தேன். அண்ணா, ஒரு நிமிஷம். மூன்று சொல்.

தரையில் படும் பக்கத்தில் பாலிஷ் பூசியதும் என் கைதான்.

எல்லோரையும் பார்த்து இத்தனை நாள் சீ என்று எழுதியிருக்கிறேன். முந்தின பக்கங்களைப் புரட்டினால் எனக்கே என்னைத் தொடப் பிடிக்கவில்லை.

மதியம் பிரியம்வதா அக்காவின் மேஜைக்குக் கீழே தரை துடைத்தேன். தரை துடைப்பவர்கள் இருப்பது யாருக்கும் தெரியாது. அக்கா மேனேஜரிடம் மெல்லிய குரலில் சொன்னார்.

"சார், அணைச்ச டைமும் கம்ப்யூட்டர் லாக்ல பதிவாயிருக்கு. அந்த டைமைப் பாத்தா…"

"பிரியம்வதா. நான் கேட்ட வரி எது?"

"மோதினப்போ என்ன நிலைன்னு."

"அந்த வரி பிரிண்ட் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு சார்."

"முடிஞ்சுது."

அக்கா லேப்டாப்பை மெல்ல மூடினார். பிறகு காலைத் தூக்கி எனக்கு வழி விட்டார்.

அக்டோபர் 15, புதன்

டிக் போட்டேன். பதினெட்டு தாள்.

அக்டோபர் 16, வியாழன்

வாட்ச்மேனைப் பார்க்க ஷோரூமிலிருந்து பழக்கூடை போயிற்று. எடுத்துப் போகப் பெண்கள் இருந்தால் நன்றாயிருக்கும் என்று வடிவு அக்காவையும் என்னையும் அனுப்பினார்கள். கதிரேசன் போட்டோ எடுக்க வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரி. வாட்ச்மேன் பெயர் செபாஸ்டின். அறுபதுக்கு மேல் இருக்கும். முழங்காலுக்குக் கீழே கம்பி வைத்து வெளியே திருகியிருக்கிறார்கள். கதிரேசன் கூடையை அவர் மடியில் வைத்து, ஆப்பிள் தெரியும்படி திருப்பி, "ஐயா, கொஞ்சம் இங்க பாருங்க" என்றார். போட்டோ எடுத்ததும் போன் பேச வெளியே போய்விட்டார்.

கட்டிலின் அந்தப் பக்கம் ஆறுச்சாமி அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தூக்குப்போசியிலிருந்து ரசம் சோற்றைப் பிசைந்து அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இவரு தெனமும் வந்துர்றாருப்பா" என்றார் செபாஸ்டின் எங்களிடம். "என் பையன் திருப்பூர்ல இருக்கான், வர முடியல. இடிச்சவருதான் சோறு போடறாரு. யாருக்குக் கெடைக்கும் இந்தக் கொடுப்பின?"

"ரசம் நல்லாருக்குதுங்களா?"

"உன் வண்டி மாதிரியேதான்யா. சும்மா இருக்குதேன்னு நெனச்சா திடீர்னு ஏறுது."

இருவரும் சிரித்தார்கள். செபாஸ்டினுக்குச் சிரித்தால் கால் வலிக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டார்.

வடிவு அக்கா மெதுவாகக் கேட்டார், "கேசு என்னாச்சுங்க?"

"லைசென்ஸப் புடிச்சு வெச்சிருக்கறாங்க. நாளைக்கு இன்சூரன்ஸ் சர்வேயரு ஷோரூமுக்கு வர்றாங்களாம். நானா அணைச்சு வெளையாடுனேன்னு அவங்க எழுதீட்டா இவருக்கும் பணம் வராது, நானும் இனி ஸ்டீயரிங்கத் தொட முடியாது. பதினெட்டு வருசமுங்க. ஒரு கோழியக் கூட ஏத்துனதில்ல." ஒரு கவளத்தை உருட்டினார். "அணைக்கற பட்டன் எங்கிருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங் அக்கா. அதச் சொன்னா டிரைவருக்கு அசிங்கம்னு அங்க சொல்லாம வந்துட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "என்னங் அம்மிணி, வேர்த்து ஊத்துது? ஆஸ்பத்திரி வாசன ஒத்துக்கலீங்களா? வெளிய போயி நில்லுங்க."

நான் வெளியே போய் நின்றேன். சாக்கடை ஓரம் வாந்தி எடுத்தேன். என்னைப் பார்த்துச் சங்கடப்பட்டு, வெளியே போகச் சொன்னது அவர். அவர்.

அக்டோபர் 17, வெள்ளி

சர்வேயர் ஒரு அம்மா. ஐம்பது வயது இருக்கலாம். ரப்பர் செருப்பு, தோளில் ஒரு துணிப்பை. ஹரிப்ரசாத் சார் ஏசி ரூமில் உட்காரச் சொன்னார். "வண்டி எங்க நிக்குதோ அங்க பேசிக்கலாம்" என்று அவர் கொட்டகைக்கே வந்துவிட்டார். முன்பக்கம் நசுங்கிய சாம்பல் கார் எங்கள் லிஃப்டுக்குப் பக்கத்தில்தான் நின்றது. குனிந்து டயரைப் பார்த்தார். தொட்டார். விரலை மோந்தார்.

சார் தாளைக் கொடுத்தார். "எங்க செக் ஷீட் மேடம். பதினோராவது பாயின்ட். போட்ட பொண்ணையே கூப்பிடறேன். மேகலா!"

போனேன். துணி கையில் இருந்தது.

"இது நீ போட்ட டிக்தானே? ஆமான்னு சொல்லு, போதும். மேடத்துக்கு நேரமாச்சு."

கதிரேசன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த விரல் நாற்றம் அவருக்கு முன்னால் வந்தது.

"ஆமாங்க" என்றேன்.

சார் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

"காத்தால போட்டதுங்க" என்றேன்.

"என்னம்மா?" அந்த அம்மா காதை என் பக்கம் கொண்டு வந்தார். "சத்தமா சொல்லு."

"வண்டி வர்றதுக்கு மொதல்லயே போட்டதுங்க. எல்லா வண்டிக்கும் அப்படித்தானுங்க. காத்தால ஒம்பது மணிக்கு. இன்னிக்குத் தாளும் போட்டாச்சுங்க. பாதி வண்டி இன்னும் வரலீங்க."

"மேகலா, உள்ள போ" என்றார் கதிரேசன்.

"அவ பேசட்டும்" என்றார் அந்த அம்மா.

துணியிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அணைச்ச டைம் கம்ப்யூட்டர் லாக்ல பதிவாயிருக்குதுங்க. மூணே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி. டீ வரலீங்க அப்ப. ஆறுச்சாமி அண்ணன் அஞ்சு மணிக்குத்தான் வந்தாருங்க. வண்டி லிஃப்டு மேல இருந்துச்சு. அணைச்சது நானுங்க. திரும்பப் போடலீங்க."

அந்த அம்மா கம்ப்யூட்டர் தாளை மேலும் கீழும் பார்த்தார். "டைம் எங்க சார் இதுல?"

"அது தேவைப்படாதுன்னு…"

பிரியம்வதா அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. திரையை அந்த அம்மா பக்கம் திருப்பி, "மூணு முப்பத்தெட்டு மேடம்" என்றார். "அடுத்த நிமிஷம் சக்கர வேகம் நாப்பத்தி ரெண்டு. வண்டி நகரல."

"வண்டி நகராம சக்கரம் எப்படிச் சுத்தும்?"

ஹரிப்ரசாத் சார் கதிரேசனைப் பார்த்தார். கதிரேசன் லிஃப்டைப் பார்த்தார். லிஃப்டில் ஒரு வெள்ளைக் கார் இடுப்பளவில் நின்றது. வடிவு அக்கா பிரஷ்ஷோடு பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு பிரஷ்ஷை நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

துணியைக் கீழே போட்டேன். ஏறி சீட்டில் உட்கார்ந்து, பொத்தானை மூன்று விநாடி அமுக்கிப் பிடித்தேன். மஞ்சள் வந்தது. மிதித்தேன்.